டெங்கு 'நெகட்டிவ்' என்றால் டெங்கு இல்லையா? இரத்தப் பரிசோதனைகள் தடுமாறும் இடங்கள்

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் கிணறுகள் நிரம்பும், கூடவே டெங்கும் வரும். நல்லூர், சோனகத் தெரு, ஒட்டுமடம் என்று அது ஊர் பார்ப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் கடைசியிலும் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் யாழ் மாவட்டம் டெங்கால் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் வகுப்பு வரவு இடாப்பைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். காய்ச்சல் என்று வராமல் நின்ற பிள்ளையின் வீட்டுக்கு அழைப்பெடுத்து விசாரித்தால், பல பெற்றோர் சொன்ன பதில் ஒன்றுதான். "டெங்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்திட்டம் சேர். நெகட்டிவ். இனிப் பயமில்லை."

இந்தப் "பயமில்லை"தான் எனக்குப் பயத்தைத் தருகிறது. நான் வைத்தியர் அல்ல. பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவன். ஆனாலும் பரிசோதனை றிப்போர்ட்டில் உள்ள ஒரு சொல்லை அல்லது ஓர் இலக்கத்தை நோயின் முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே வளர்ந்திருப்பதால், அந்த இலக்கம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பாடம் சொல்வதைப் போல எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

டெங்குக்கு முதல் நாட்களில் எடுக்கும் என்.எஸ்.1 பரிசோதனை, கொவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த அன்டிஜன் பரிசோதனை, வீட்டில் செய்து பார்க்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டி, தைரொய்ட் பரிசோதனை, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரொபோனின், விற்றமின் டி அளவு. பார்வைக்கு இவை வெவ்வேறாக இருந்தாலும் அடிப்படையில் ஒரே குடும்பம். இமியூனோஅசே என்று இவற்றைச் சொல்வார்கள். அதாவது, பிறபொருளெதிரியை ஒரு கருவியாக வைத்து வேறொரு பொருளைத் தேடிப் பிடிக்கும் முறை. பிறபொருளெதிரி என்று நம் பாடப்புத்தகம் சொல்வதைத்தான் டொக்டர்மார் 'அன்டிபொடி' என்கிறார்கள்.

இரத்தத்தில் தேடும் பொருள் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும். அதை நேரே பார்க்கவும் முடியாது, நிறுக்கவும் முடியாது. எனவே அதைப் பிடிக்கும் அன்டிபொடி ஒன்றைப் பட்டியிலோ சிறு மணிகளிலோ ஒட்டி வைக்கிறார்கள். அதே பொருளின் மறுபக்கத்தைப் பிடிக்கும் இன்னோர் அன்டிபொடிக்கு நிறமோ ஒளியோ தரும் ஓர் அடையாளம் கட்டப்பட்டிருக்கும். தேடும் பொருள் இரத்தத்தில் இருந்தால், கீழே ஓர் அன்டிபொடி, நடுவில் பொருள், மேலே அடையாளம் உள்ள அன்டிபொடி என்று மூன்றும் சேர்ந்து நிற்கும். பிறகு கழுவுவார்கள். ஒட்டாமல் நின்றவை போய்விடும், எஞ்சிய அடையாளம் அளக்கப்படும். இந்த முறைக்கு 'சாண்ட்விச்' என்றே பெயர். நம் வீட்டுப் பாஷையில் சொன்னால் இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவில் சம்பல்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இயந்திரம் சம்பலைப் பார்ப்பதேயில்லை. மேலே உள்ள பாண் துண்டு தட்டில் நிற்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. சம்பலை யாரோ பொட்டலம் கட்டி மறைத்துவிட்டாலும், தட்டில் கீழ்த்துண்டு ஒட்டாமல் போனாலும், சம்பலே இல்லாமல் இரண்டு துண்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் அதற்குத் தெரியாது. ஓர் இலக்கத்தை அச்சடித்துத் தந்துவிடும். இவை எல்லாமே உண்மையில் நடக்கின்றன.

முதலில் டெங்கை எடுப்போம். இலங்கையில் 2017ஆம் ஆண்டு மட்டும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள், 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அளவுக்குப் பரவிய நாட்டில் நம்மில் பலருக்கு ஒரு தடவையாவது டெங்கு வந்து போயிருக்கும். தெரியாமலே வந்து போனவர்களும் நிறையப் பேர். டெங்கு வைரஸில் 4 வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து குணமானால் அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு நிலைத்து நிற்கும். ஆனால் மற்ற மூன்றும் பிறகு வரலாம்.

என்.எஸ்.1 என்பது வைரஸ் நம் இரத்தத்தில் விடும் ஒரு புரதம். முதல் தடவை டெங்கு வரும்போது அது இரத்தத்தில் தனியாக அலைந்து திரியும். பட்டியில் உள்ள அன்டிபொடி அதை இலகுவில் பிடித்துவிடும். இரண்டாவது தடவை, வேறொரு வகை வரும்போது கதை மாறுகிறது. உடல் பழைய எதிரியை மறப்பதில்லை. காய்ச்சல் தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே பழைய நினைவில் அன்டிபொடியைக் கொட்டத் தொடங்கும். அந்த அன்டிபொடிகள் என்.எஸ்.1 புரதத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பட்டியில் உள்ள அன்டிபொடி பிடிக்க வேண்டிய இடத்தை உடம்பின் அன்டிபொடி ஏற்கெனவே பிடித்துவிட்டது. சம்பல் இருக்கிறது, ஆனால் பொட்டலத்துக்குள் இருக்கிறது. பட்டியில் கோடு விழாது. றிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வரும்.

முதல் தடவையை விட இரண்டாவது தடவை வரும் டெங்குதான் கடுமையான நிலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம் என்பது வைத்திய உலகில் நிலைபெற்ற விடயம். அப்படியானால் யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களிடத்தில்தான் இந்தப் பரிசோதனை தவறவிடும் வாய்ப்பும் அதிகம். பெற்றோருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். 'பொசிட்டிவ்' என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். 'நெகட்டிவ்' என்று வந்தால் அதன் பொருள் 'பட்டிக்குப் பிடிபடவில்லை' என்பது மட்டுமே.

நாளும் முக்கியம். என்.எஸ்.1 காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகத் தெரியும். பிறகு குறைந்துகொண்டு போகும். ஐ.ஜி.எம் என்ற அன்டிபொடியைத் தேடும் பரிசோதனை ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் பயன்தரத் தொடங்கும். இரண்டாவது தடவை டெங்கு வருபவர்களில் அதுவும் குறைவாகவே தெரியலாம். ஐ.ஜி.ஜி தனியாகப் பொசிட்டிவ் என்று வந்தால் அது முன்பு எப்போதோ வந்துபோன டெங்கின் அடையாளமாகவும் இருக்கலாம். டெங்கு வைரஸின் ஒன்றுவிட்ட சகோதரன் போன்றது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ். அதற்கு நம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறோம். உறவுக்கார வைரஸ்களுக்கு எதிரான அன்டிபொடிகளைப் பரிசோதனை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதும் உண்டு.

ஆகவேதான் நம் வைத்தியர்கள் என்.எஸ்.1 துண்டை ஓரமாக வைத்துவிட்டு 'எஃப்.பி.சி எங்கே?' என்று கேட்கிறார்கள். பலர் இதை டொக்டர்மார் காசு செலவழிக்க வைக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. முழுக் குருதி எண்ணிக்கை என்பது அன்டிபொடியை நம்பி நிற்கும் பரிசோதனை அல்ல. அது கலங்களை எண்ணும் முறை. மூன்றாம் நாளில் எடுத்து, பிறகு வைத்தியர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் எடுத்தால் வெண்குருதிக் கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் இறங்குகின்றனவா, இரத்தம் தடிக்கிறதா என்பது தெரியும். சிறுதட்டுகள் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கினால் நீர்க்கசிவு தொடங்கும் கட்டம் நெருங்கிவிட்டது என்று பொருள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் மூன்றாம் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

இந்த நீர்க்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தொடங்குகிறது. வீட்டில் எல்லோரும் 'அல்ஹம்துலில்லாஹ், காய்ச்சல் விட்டிட்டுது, டெஸ்ட்டும் நெகட்டிவ்' என்று நிம்மதியாகும் அதே நேரம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல், எங்காவது இரத்தம் கசிதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் றிப்போர்ட் என்ன சொல்லியிருந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெகட்டிவ் என்ற தைரியத்தில் பார்மஸியில் வாங்கிக் கொடுக்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனக், மெஃபெனமிக் அசிட் போன்ற வலிநிவாரணிகளும், மலவாசல் வழியாக வைக்கும் டைக்ளோஃபெனக்கும் டெங்கில் இரத்தக்கசிவை மோசமாக்கக் கூடியவை. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்தான், அதுவும் உடல் நிறைக்கு ஏற்ற அளவில்.

டெங்கில் தடுமாற்றம் நோயிலிருந்தே வருகிறது. சிலவேளைகளில் அதை நாமே காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறோம்.

எங்களோடு கற்பிக்கும் ஓர் ஆசிரியைக்குத் தலைமுடி கொட்டத் தொடங்கியது. கனடாவில் இருக்கும் அவரது அக்கா முடி வளர்வதற்கென்று ஒரு போத்தல் மாத்திரை அனுப்பியிருந்தார். சில மாதங்களுக்குப் பிறகு, முடி கொட்டுவதற்குத் தைரொய்ட் காரணமாக இருக்கலாம் என்று யாரோ சொல்ல, அவராகவே போய் இரத்தம் கொடுத்தார். டீ.எஸ்.எச் மிகக் குறைவு, ரீ4 அதிகம் என்று வந்தது. தைரொய்ட் சுரப்பி கட்டுமீறி வேலை செய்பவர்களுக்கு வரும் அதே வடிவம். வீட்டில் ஒரே கலவரம். ஆனால் அவருக்கு நெஞ்சுப் படபடப்பு இல்லை, உடம்பு மெலியவில்லை, கை நடுங்கவில்லை. வைத்தியர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மருந்து எழுதும் முன் கேட்டாராம், "விற்றமின் ஏதும் குடிக்கிறீங்களா?" அந்த மாத்திரையை நிறுத்தி ஒரு கிழமை கழித்து மீண்டும் இரத்தம் எடுத்தபோது எல்லாம் சாதாரணம். "மருந்து எண்டால் நானே சொல்லியிருப்பன். இது விற்றமின் தானே எண்டு விட்டிட்டன்" என்று எங்களிடம் சொன்னார்.

அந்த மாத்திரையில் இருந்தது பயோட்டின். பி குடும்பத்தைச் சேர்ந்த விற்றமின். ஒரு வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவையானது ஏறக்குறைய 30 மைக்ரோகிராம், அது சாதாரண சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளிலோ 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கும். இந்தக் குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்பது வேறு கதை. மாத்திரைப் போத்தலைக் கையில் எடுத்ததும் ஜெலட்டின் ஹலாலா என்று தேடிப் பார்க்கும் நாம், அதே லேபிளில் எத்தனை மைக்ரோகிராம் என்பதை வாசிப்பதில்லை.

பயோட்டின் உடம்புக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. அது குழப்புவது ஆய்வுகூடத்தைத்தான். பச்சை முட்டை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. அது பயோட்டினை இறுகப் பிடித்துக்கொள்ளும். பச்சை முட்டையை நீண்ட காலம் நிறையக் குடித்தால் பயோட்டின் குறைபாடு வரக் காரணமும் அதுதான். இதே போன்ற ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் ஒரு வகைப் பற்றீரியாவிலிருந்து கிடைக்கிறது. இது பயோட்டினைப் பிடிக்கும் பிடி இயற்கையில் காணும் மிக வலிய பிணைப்புகளில் ஒன்று. கருவி செய்யும் கம்பனிகள் இந்தப் பிடியைப் பசையாகப் பயன்படுத்திக்கொண்டன. அன்டிபொடியின் வாலில் பயோட்டினைக் கட்டுவார்கள். மணியின் மேல் ஸ்ட்ரெப்டவிடினைப் பூசுவார்கள். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பாண் துண்டு தட்டில் நிற்பது இந்தப் பசையால்தான்.

இப்போது இரத்தத்தில் பயோட்டின் நிரம்பி வழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெப்டவிடினில் உள்ள இடங்களையெல்லாம் மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் பிடித்துவிடும். அன்டிபொடிக்கு இடமில்லை. கழுவும்போது முழு சாண்ட்விச்சும் தண்ணீரோடு போய்விடும். இயந்திரத்துக்கு அடையாளம் குறைவாகத் தெரியும். டீ.எஸ்.எச் போன்ற சாண்ட்விச் பரிசோதனைகளில் அடையாளம் குறைந்தால் பொருள் குறைவு என்று எழுதும். ரீ4 போன்ற சிறிய மூலக்கூறுகளை இரண்டு பக்கம் பிடிக்க முடியாது. ஆகவே அங்கே போட்டி முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் கணக்குத் தலைகீழ்: அடையாளம் குறைந்தால் பொருள் அதிகம். ஒரே தவறு ஒரு பக்கத்தில் குறைவையும் மறுபக்கத்தில் அதிகத்தையும் காட்டும்போது, இரண்டும் சேர்ந்து உண்மையான நோயின் அச்சாகத் தெரிகிறது. பொய் சொல்பவன் ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னால் பிடித்துவிடலாம். இங்கே பொய்கள் இரண்டும் பொருந்தி வருகின்றன.

அரிய பரம்பரை நோய்களுக்காக மிக அதிக அளவு பயோட்டின் எடுத்த 6 பிள்ளைகளின் பரிசோதனைகள் கிரேவ்ஸ் எனும் தைரொய்ட் நோயைப் போலவே வந்ததை 2016ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் சஞ்சிகையில் வைத்தியர்கள் எழுதினார்கள். 2017 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பகிரங்க எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. அதில் ஒரு மரணமும் குறிப்பிடப்பட்டிருந்தது. அதிக அளவு பயோட்டின் எடுத்திருந்த ஒருவருக்கு, பயோட்டினால் குழம்பக்கூடிய ட்ரொபோனின் பரிசோதனையில் பொய்யாகக் குறைந்த அளவு வந்திருந்தது. தைரொய்ட் விடயத்தில் தவறினால் தேவையில்லாத மருந்து. மாரடைப்பில் தவறினால் உயிர்.

எல்லா இயந்திரங்களும் இந்தப் பசையைப் பயன்படுத்துவதில்லை. எச்சரிக்கைக்குப் பிறகு பல கம்பனிகள் பயோட்டினைத் தாங்கும் விதமாகத் தங்கள் கிட்டுகளை மாற்றியும் இருக்கின்றன. சாதாரண பல்விற்றமின் மாத்திரையில் உள்ள சிறிய அளவு பயோட்டின் பெரும்பாலும் பிரச்சினை தராது. தைரொய்ட் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பாவது பயோட்டினை நிறுத்தும்படி அமெரிக்கத் தைரொய்ட் சங்கம் சொல்கிறது. வைத்தியர் எழுதிக் கொடுத்த பயோட்டின் என்றால் அவரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பொருள் அளவுக்கு மீறி இருந்தாலும் பரிசோதனை இல்லை என்று சொல்லும் என்றால் நம்புவீர்களா? சம்பல் மலையாகக் குவிந்தால் கீழ்த்துண்டும் மேல்துண்டும் தனித்தனியே சம்பலில் மூழ்கிவிடும், ஒன்று சேர்வதற்கு வாய்ப்பே இருக்காது. முத்துப்பிள்ளை என்று நம் தாய்மார் சொல்லும் கர்ப்பத்தில் எச்.சி.ஜி ஹோர்மோன் பெருமளவில் சுரக்கும்போது, சிறுநீர்ப் பட்டி 'கர்ப்பமில்லை' என்று காட்டிய சம்பவங்கள் உண்டு. சிறுநீரில் தண்ணீர் கலந்து ஐதாக்கிப் பார்த்தால் கோடு விழும். ஆய்வுகூடத்தில் இருப்பவர்களுக்கு இது பழைய வித்தை. ஆனால் இரத்தப்போக்கோடு வரும் பெண்ணின் நிலையைச் சொல்லாமல் குப்பியை மட்டும் அனுப்பினால் அவர்கள் ஏன் அதைச் செய்யப் போகிறார்கள்?

இன்னொன்று, சம்பலே இல்லாமல் இரண்டு பாண் துண்டுகளும் ஒட்டிக்கொள்வது. இதன் வேரைப் பார்க்க இந்த முறை பிறந்த கதைக்குப் போக வேண்டும். 1950களில் நியூயோர்க்கில் ரொசலின் யாலோ என்ற பெண் பௌதிகவியலாளரும் சொலமன் பேர்சன் என்ற வைத்தியரும் நீரிழிவுக்காரர்களின் உடம்பில் இன்சுலின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஆராய்ந்தார்கள். அந்நாளில் இன்சுலின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்பட்டது. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தில் அது நினைத்ததை விட நீண்ட நேரம் தங்கி நின்றது. உடம்பு அந்த மிருக இன்சுலினுக்கு எதிராக அன்டிபொடி செய்து அதைப் பிடித்து வைத்திருந்ததே காரணம். இவ்வளவு சிறிய புரதத்துக்கு அன்டிபொடி உண்டாகாது என்று அப்போதைய அறிஞர்கள் நம்பியதால் கட்டுரையை ஏற்க மறுத்தார்கள். 'அன்டிபொடி' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்த பிறகே அது 1956ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்தப் பிடியையே அளவுகோலாக மாற்றி அவர்கள் உருவாக்கியதுதான் இன்றைய பரிசோதனைகளின் தாய். பேர்சன் 1972ஆம் ஆண்டு இறந்துவிட்டார். யாலோவுக்கு 1977ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

அதாவது மிருகப் பொருளுக்கு எதிராக மனித உடம்பு செய்யும் அன்டிபொடியில் இருந்துதான் இந்தக் கலையே தொடங்கியது. அதே குணம் பிறகு இடையூறாகவும் திரும்பி வந்தது. பரிசோதனைக் கிட்டுகளில் உள்ள அன்டிபொடிகள் பெரும்பாலும் எலி, ஆடு, முயல் போன்ற மிருகங்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. சிலருடைய இரத்தத்தில் மிருக அன்டிபொடிகளைப் பிடிக்கக்கூடிய அன்டிபொடிகள் இருக்கும். வாதநோய் உள்ளவர்களிடம் காணப்படும் ருமட்டொயிட் காரணியும் இப்படி நடந்துகொள்ளும். இவை கீழ்த்துண்டை ஒரு கையாலும் மேல்துண்டை மறு கையாலும் பிடித்துவிட்டால் நடுவில் எதுவும் இல்லாமலே 'இருக்கிறது' என்று இலக்கம் வரும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1990களின் இறுதியில் 22 வயதுப் பெண் ஒருவருக்கு நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அவர் கர்ப்பமாக இல்லை. ஆனால் இரத்தத்தில் எச்.சி.ஜி இருப்பதாகப் பரிசோதனை தொடர்ந்து காட்டியது. கர்ப்பமில்லாமல் அந்த ஹோர்மோன் இருந்தால் அது ஒருவகைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். கீமோதெரபி கொடுத்தார்கள். கருப்பையை எடுத்தார்கள். நுரையீரலின் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். இலக்கம் இறங்கவில்லை, ஏனென்றால் புற்றுநோயே இருக்கவில்லை. 2001ஆம் ஆண்டு நீதிமன்ற ஜூரிகள் அவருக்கும் கணவருக்கும் ஒரு கோடியே 60 இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தார்கள். பிள்ளை பெறும் வாய்ப்பை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

இவர் தனியொருவர் அல்ல. இவ்வாறு தவறாகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 12 பெண்களைப் பற்றி லோரன்ஸ் கோல் என்ற ஆய்வாளர் இன்னொருவரோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில் எழுதினார். அவர்கள் காட்டிய வழி மிக எளிமையானது. குழப்பத்தை உண்டாக்கும் அன்டிபொடிகள் பருத்தவை, சிறுநீரகத்தைத் தாண்டிச் சிறுநீருக்குள் வரமாட்டா. எச்.சி.ஜி வரும். ஆகவே இரத்தத்தில் 'இருக்கிறது' என்று வரும் ஹோர்மோன் சிறுநீரில் இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். கத்தியை எடுக்கும் முன் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. நம் சமூகத்தில் கர்ப்பமா இல்லையா என்ற கேள்வியில் இத்தாவின் முடிவும் தங்கியிருக்கிறது. அப்படியான நேரத்தில் ஒற்றை இரத்த றிப்போர்ட்டை வைத்து வீட்டுப் பெரியவர்கள் தீர்மானம் எடுக்காமல் வைத்தியரிடம் ஸ்கேன் பற்றியும் கேட்பது நல்லது.

அந்தப் பெண்ணுக்குப் பரிசோதனை ஒரு தடவை மட்டும் செய்யப்படவில்லை, பல தடவைகள் செய்யப்பட்டது. அதே முறையில் செய்ததால் அதே பிழை ஒவ்வொரு தடவையும் வந்தது. நம்மில் பலர் சந்தேகம் வந்தால் 'இன்னொருக்கா செய்து பார்ப்பம்' என்று அதே இடத்துக்கே போகிறோம். ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இதை இலகுவாக விளக்கலாம். ஓர் அறிவிப்பாளர் ஒரு செய்தியைப் பத்துத் தடவை சொன்னால் அது பத்து அறிவிப்புகள் ஆகிவிடாது. வேறு வழியாக, வேறு ஆட்கள் மூலம் அதே செய்தி வந்திருக்கிறதா என்றுதான் இமாம்கள் தேடினார்கள். பரிசோதனையிலும் அதுதான். வேறு கம்பனியின் முறையில் இயங்கும் இயந்திரத்தில் செய்து பார்த்து இரண்டும் வெகுதூரம் விலகி நின்றால் இடையூறு இருக்கிறது என்று ஊகிக்கலாம். இரத்தத்தை ஐதாக்கி அளந்து, இலக்கம் அதே விகிதத்தில் இறங்குகிறதா என்றும் பார்க்கலாம். இடையூறு செய்யும் அன்டிபொடிகளைக் கட்டிப்போடும் திரவங்களும் உண்டு. மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களுக்கு இவை எல்லாம் தெரியும். கேட்பவர்தான் வேண்டும்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு தயக்கமும் இருக்கிறது. 'பார்த்தீர்களா, டெஸ்ட் எல்லாம் பொய்' என்று யாராவது இதை வட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பிவிடுவார்களோ என்று. தடுப்பூசி விடயத்தில் நாம் பட்டது போதும். இந்த இடையூறுகளில் பல அரிதானவை. பெரும்பாலான நாட்களில் பெரும்பாலானவர்களுக்கு இலக்கம் சரியாகவே வருகிறது. தைரொய்ட் மாத்திரை குடிப்பவர்கள் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் அது என் எழுத்துக்கு நேரும் அநியாயம். சந்தேகிக்க வேண்டியது ஆளும் றிப்போர்ட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நேரத்தில் மட்டும்தான்: நோயின் அறிகுறி எதுவுமில்லாமல் இலக்கம் மட்டும் பயங்கரமாக இருந்தால், அல்லது பிள்ளை வாடிக் கிடக்கும்போது காகிதம் மட்டும் நன்றாக இருந்தால்.

அந்த முரண்பாட்டைக் கண்டுபிடிக்க ஆளைப் பார்த்த ஒருவர் தேவை. இங்கேதான் நமது பழக்கம் இடிக்கிறது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் போனால் வைத்தியரைக் காணாமலே நேராக இரத்தம் கொடுத்து, மாலையில் றிப்போர்ட்டை வட்ஸ்அப்பில் பெற்று, வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் கேட்டு முடிவெடுப்பவர்களைக் காணலாம். வைத்தியர் துண்டு எழுதி அனுப்பினாலும், நோயின் விபரம் எழுதும் பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்வது ஒரு பெயர், ஒரு வயது, ஒரு குப்பி. அந்தக் குப்பியின் சொந்தக்காரர் பயோட்டின் குடிக்கிறாரா, வாதநோய் உள்ளவரா, மிருகங்களிலிருந்து எடுத்த அன்டிபொடி மருந்து ஏற்றப்பட்டவரா, காய்ச்சலின் எத்தனையாவது நாள், முன்பு டெங்கு வந்தவரா என்பதெல்லாம் இரத்தத்தின் நிறத்தில் தெரியாது. இரத்தம் எடுக்கும் இடத்தில் நாமாகவே இவற்றைச் சொல்லலாம். அரை நிமிட வேலை.

தைரொய்ட் பரிசோதனைக்குப் போகும் முன் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்த முடியும். நெஞ்சுவலியோடு நடுச்சாமத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது. அவர் பேசும் நிலையில் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே வீட்டில் யாராவது முடி, நகம், தோல் என்று வெளிநாட்டுப் போத்தல்களைப் பாவிப்பவர்களாக இருந்தால், போத்தலின் பின்பக்க லேபிளை இன்றே ஒரு படம் எடுத்துக் கணவர், மகன், மகள் என்று கூடப் போகக்கூடிய ஒருவரின் போனில் போட்டு வையுங்கள். வைத்தியரிடம் காட்ட வேண்டியது ஒரேயொரு வரிதான், பயோட்டின் என்ற பெயரும் அதற்கு நேரே உள்ள மைக்ரோகிராம் அளவும்.